மூன்றடித் தொட்டியும் ஒன்பது மீன்களின் பட்டியலும்

பதினைந்து ஆண்டுகளாகத் தங்கமீன்களும் கப்பிகளும் வளர்த்து வந்த நான், கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க முடிவு செய்தபோது முதலில் செய்த வேலை, பிடித்த மீன்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்ததுதான். கோமாளி மீன், நீல டாங், மஞ்சள் டாங், வண்ணத்துப்பூச்சி மீன், சிங்க மீன், மாண்டரின், கடல்குதிரை, கிளீனர் ராஸ், பங்காய் கார்டினல் என்று மொத்தம் ஒன்பது. தொட்டியோ மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப்படி ஏறத்தாழ 130 லிட்டர் பிடிக்கும் என்றாலும், மணலும் கல்லும் போட்டு, விளிம்பிலிருந்து சற்றுக் கீழே நீரை நிறுத்திய பிறகு உள்ளே இருந்தது 100 லிட்டர்தான். என் பட்டியலை அடித்துத் திருத்தியது இந்த 100 லிட்டர்.

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். அங்கே ஒரு கடையில் பெருவிரல் அளவே இருந்த நீல டாங் குஞ்சைக் காட்டி, இது எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டேன். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நன்னீர் மீன் வளர்த்த காலத்திலும் இதே பேச்சை நம்பி ஏமாந்திருக்கிறேன் என்பதால் இம்முறை வாங்காமல் திரும்பினேன். நீல டாங் கடலில் 30 சென்டிமீட்டர் வரை வளர்வது. நாள் முழுவதும் நீந்தித் திரிவது. மஞ்சள் டாங் 20 சென்டிமீட்டரை எட்டும். இவற்றைச் சிறு தொட்டியில் அடைத்தால் மீன் தொட்டிக்கேற்பச் சுருங்கிக்கொள்வதில்லை, நலிந்து நோயில் விழுகிறது. ஆகவே இரண்டு டாங்குகளும் போயின. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும் சிங்க மீன், நச்சு முள்ளோடு அளவிலும் பெரியது என்பதால் அதுவும் போயிற்று.

அடுத்து உணவைப் பார்த்தேன். உண்மையில் அளவைவிட இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். மாண்டரின் மீன் ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. அளவை மட்டும் பார்த்தால் சிறு தொட்டிக்கென்றே படைக்கப்பட்டது போலத் தோன்றும். ஆனால் அது கற்களின் இடுக்குகளில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கோப்பிபாடு என்னும் சிற்றுயிர்களை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழ்வது. புதிய சிறு தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிட, குருணைத் தீனியைத் தொடாமல் மீன் மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். பிற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் கிளீனர் ராஸுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிரிகளைத் தின்று வாழ்பவை. கடல்குதிரையைப் பொறுத்தவரை யோசிக்கவே தேவையிருக்கவில்லை: 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இல் அது சேர்க்கப்பட்டுவிட்டது. பவளங்களும் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதால், தொட்டிக்குள் உண்மையான பவளக் கல்லுக்குப் பதிலாகச் சுட்ட மண்ணில் செய்த நுண்துளைக் கற்களையே அடுக்கினேன்.

ஒன்பதில் எஞ்சியவை கோமாளி மீனும் கார்டினலும் மட்டுமே.

மீன் வாங்கும் முன் தொட்டியைப் பக்குவப்படுத்த வேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். விலை மலிவான ஒரு டாம்சல் மீனை விட்டால் போதும் என்ற ஆலோசனையைக் கேட்டு, கரிய உடலில் மூன்று வெண்புள்ளிகள் கொண்ட டோமினோ டாம்சல் ஒன்றை வாங்கி விட்டேன். ஒரு பச்சை இறாலைப் போட்டு வைத்தாலே அம்மோனியா உண்டாகிவிடும் என்பதையும், உயிருள்ள மீனை அந்த நஞ்சில் நிறுத்துவது வீண் கொடுமை என்பதையும் பின்னரே உணர்ந்தேன். டோமினோ பிழைத்துக்கொண்டது. பிழைத்ததோடு, ஆறு வாரங்களில் தொட்டி முழுவதும் தனக்கே உரியது என்றும் முடிவு செய்துவிட்டது. கோமாளி மீன்களை விட்ட அன்று மாலைக்குள் அவற்றின் வால்கள் கிழிந்திருந்தன. கல் இடுக்கில் ஒளியும் மீனை வலையில் பிடிக்க முடியாமல், இரவு பதினொரு மணிக்குக் கற்கள் அத்தனையையும் வெளியே எடுத்துத்தான் அதைப் பிடித்தேன். 14 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய அந்த முரடனை, பெரிய தொட்டி வைத்திருந்த ஒரு கடைக்காரர் மறுநாள் பெற்றுக்கொண்டார்.

கோமாளி மீன்களைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் தொடக்கத்திலேயே சரியாக நடந்துகொண்டேன். கடலில் பிடித்தவற்றை விடுத்துப் பண்ணையில் பொரித்து வளர்க்கப்பட்டவற்றைக் கேட்டு வாங்கினேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. பண்ணை மீன் குருணைத் தீனிக்குப் பழகியது. கண்ணாடிச் சுவரைக் கண்டு மிரளாதது. கோமாளிகள் எல்லாம் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் இயல்புடையவை என்பதால், ஐந்து சென்டிமீட்டரில் ஒன்றும் மூன்று சென்டிமீட்டரில் ஒன்றுமாக எடுத்தேன். இரண்டும் ஒரே அளவில் இருந்திருந்தால் யார் பெரியவர் என்ற சண்டை நீண்டிருக்கும். கடையில் என் கண்முன்னே தீனி போடச் சொல்லி, தின்ற மீனை மட்டுமே வாங்குவது என்ற வழக்கமும் அன்றுதான் தொடங்கியது.

நோய் ஏதும் பெரிய தொட்டிக்குள் வந்துவிடக் கூடாது என்று, கார்டினலை முதலில் 30 லிட்டர் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்திருந்தேன். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளும் மட்டுமே. ஆறாம் நாள் அதன் துடுப்புகளில் பொடியுப்பு தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தன. இப்புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி சில நாட்களில் மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூடுகட்டிப் பெருகி மீண்டும் வந்து பற்றும். ஆகவே புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. செம்பு மருந்தைத் தனித்தொட்டியிலேயே கொடுத்து முடித்தேன். செம்பு இறாலுக்கு நஞ்சு என்பதால், பெரிய தொட்டியில் அதை ஊற்றியிருந்தால் பிற்பாடு இறால் வளர்க்கும் ஆசையை மறந்திருக்க வேண்டியதுதான்.

அந்த இறால் ஆசைக்காகவே மஞ்சள் நிற உளுவை இன மீன் ஒன்றைச் சேர்த்தேன். கூடவே ஒரு சொடுக்கு இறால். பார்வை மங்கிய இறால் வளை தோண்டுகிறது. உளுவை வாசலில் காவல் நிற்கிறது. இறாலின் உணர்கொம்பு எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கிறது. முதல் இரவில் இறால் கொடுக்கைச் சொடுக்கிய ஓசையில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று பதறி, டார்ச்சோடு தரையில் ஈரம் தேடினேன்.

ஐந்தாவது மீனாகச் சேர்த்த ஃபயர்ஃபிஷ் பன்னிரண்டு நாட்களே இருந்தது. குழாய்க்காகக் கண்ணாடி மூடியில் விட்டிருந்த இரண்டு அங்குல இடைவெளி வழியாகத் துள்ளி வெளியே விழுந்து, மேசைக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. மருண்டால் துள்ளுவது அதன் இயல்பு என்று படித்திருந்தும் கவனிக்காமல் விட்டது என் பிழையே. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரைக் கொண்டே தொட்டிக்கும் ஒரு வலைச் சட்டம் செய்து மாட்டினேன். மே மாதத்தில் நீர் 31 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறிக் காற்று அந்த வலை வழியாக நீர்ப்பரப்பில் பட்டு இரண்டு டிகிரியாவது குறைகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் உப்பில்லாத ஆர்ஓ நீரை ஊற்றி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025இல் நிறுத்துகிறேன்.

ஃபயர்ஃபிஷ் இருந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை. நான்கு மீன்களோடு, வாரம் பத்து லிட்டர் மாற்றினாலே நைட்ரேட் ஏறாமல் நிற்கிறது. கடலில் அவை குடியிருக்கும் கடல்சாமந்தி இங்கே இல்லாததால் கோமாளிகள் பம்ப்பின் அருகிலுள்ள மூலையைத் தம் வீடாக்கிக்கொண்டுவிட்டன. சனிக்கிழமை நீர் மாற்றக் கையை விடும்போதெல்லாம் பெரியது வந்து என் விரலைக் கடிக்கிறது.