நஞ்சராயன் குளத்துக் கணக்கு

17 நவம்பர் 2024, ஞாயிறு

வேலையை விட்டு நின்று ஐந்து மாதம் ஆகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பத்தெட்டு வருடம், அதில் கடைசி இருபத்தாறு வருடம் கட்டிங் மாஸ்டர். அப்போதெல்லாம் ஆறு நாள் ஒன்றரை சிப்ட், ஞாயிறு முழுக்கத் தூக்கம். இப்போது ஏழு நாளும் ஞாயிறு. முதல் மாதம் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாக்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். சமையலறையை விட்டு மரியாதையாக வெளியேற்றப்பட்டேன்.

"ஏதாச்சும் ஒண்ணப் பழகுங்க மாமா" என்கிறாள் வீட்டுக்காரி. அவள் புரட்டாசியிலேயே வள்ளி கும்மியில் சேர்ந்துவிட்டாள். பொழுதோட ஏழு மணிக்குக் கோயில் திடலில் ஆரம்பித்தால் ஒன்பது ஆகும். கூட வரச் சொன்னாள், நானும் நான்கு நாள் போனேன். கால் முன்னே போகிறபோது கை தட்ட மறந்துவிடுகிறது, கை தட்டினால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆடிய பொடிசு ஒன்று, "தாத்தா, நீங்க ஓரமா நில்லுங்க, இடிக்குது" என்றது. நின்றுகொண்டேன்.

அதற்கும் அவள் விடவில்லை. மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எண்பத்தேழு வயது, உங்களுக்கு என்ன வந்தது என்கிறாள். இந்த ஆட்டத்தைப் பொம்பளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்று அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை. அவருக்குக் கால் சொன்னபடி கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

மாடித்தோட்டமும் போட்டுப் பார்த்தாயிற்று. பதினெட்டுப் பை, அரைக்கீரை, தண்டங்கீரை, கொத்தமல்லி. முளைத்து நாலு இலை விட்ட அன்றே காலையில் மூன்று மயில் வந்து இறங்கி ஒரு பை பாக்கியில்லாமல் மேய்ந்துவிட்டுப் போயின. கொங்குநாட்டில் இன்றைக்கு விவசாயம் பண்ணுகிறவன் யாருக்குப் பண்ணுகிறான் என்று நேரில் தெரிந்துகொண்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். துரத்தப் போனவன், படி ஏறி நின்று ஐந்து நிமிடம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்துவதற்கு முன்னால் அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கீரையைப் பார்த்த பார்வை, துணியில் ஓட்டை தேடும் செக்கிங் அம்மா பார்வை.

24 நவம்பர், ஞாயிறு

மகளும் பேத்தியும் நேற்று ஒறம்பரை வந்தார்கள். பேத்தி ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பறவை பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். "அப்புச்சி, நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். இன்று வெள்ளென ஆறு மணிக்கே டிவிஎஸ்ஸில் கிளம்பினோம்.

வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். முப்பத்தெட்டு வருடத்தில் ஊத்துக்குளி ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு நாள் வண்டியைத் திருப்பியதில்லை. சர்க்கார் பெரியபாளையம் பக்கம் கிட்டத்தட்ட 310 ஏக்கர் குளம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற இடம். 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது. இந்த ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று கணக்கு. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு ஏரிக்கு அந்தப் பெயர் 2022லேயே கிடைத்துவிட்டது.

பேத்தி நோட்டில் ஏழு பெயர் எழுதினாள். எனக்குத் தெரிந்தது கொக்கு, மீன்கொத்தி, கூழைக்கடா மூன்றுதான். கறுப்பாக, நெற்றியில் வெள்ளையாக ஒன்று கூட்டம் கூட்டமாக நீந்தியது. பெயர் நாமக்கோழி என்று அங்கே கேமராவோடு நின்ற கல்லூரிப் பையன் சொன்னான். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். ஒரு தடவை கேட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டே நின்றது முக்குளிப்பானை. கைப்பிடி அளவு உருண்டைக் குருவி. இருக்கும், டபக்கென்று இருக்காது. எங்கே எழும் என்று பேத்தியும் நானும் பந்தயம் கட்டினோம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை எனக்குத் தோல்வி.

1 டிசம்பர், ஞாயிறு

பைனாகுலர் வாங்கிவிட்டேன். எட்டாயிரத்துச் சொச்சம். மகனிடம் ஐயாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடையில் 10×42 எடுங்கள், இன்னும் பெரிதாகத் தெரியும் என்றார்கள். கல்லூரிப் பையன் முதலிலேயே எச்சரித்திருந்தான். முன்னால் இருக்கும் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, பின்னால் இருப்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும். இருபத்தாறு வருடம் கட்டிங் மெஷினைப் பிடித்து அதிர்ந்த கை இது. 8×42 போதும் என்று எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் காசு அளவுக்குத் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு. ஏமாந்துவிட்டேன் என்று ராத்திரி தூக்கமில்லை. காலையில் பையனுக்குப் போன் போட்டேன். கண் வைக்கிற இடத்து ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்குங்க, மூக்குக்கண்ணாடி போட்டவங்க அப்படித்தான் பார்க்கோணும் என்றான். இறக்கினேன். எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்கில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கோரத்து மயிர் வரைக்கும் தெரிந்தது. காக்கைக்கு அங்கே மயிர் உண்டு என்பதே அறுபது வயதில் எனக்குச் செய்தி.

இடது கண்ணுக்கு நடுச்சக்கரம், வலது கண்ணுக்குத் தனியாக ஒரு திருகு. அதைச் சரிபண்ணி ஒரு பொட்டு மைக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். மார்க்கிங் பழக்கம் போகுமா?

11 டிசம்பர், புதன்

பழைய முதலாளி போன் பண்ணினார். அவசர ஆர்டர், இருக்கிற ஆளுக்கு லே போட, அதாவது வெட்டத் துணியை அடுக்கடுக்காக விரிக்க வரவில்லை, நாலே நாள் வாங்க மாஸ்டர் என்றார். மாஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பு நிமிர்ந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். மகனுக்குச் சந்தோஷம். "சும்மா குளத்துல நிக்கறதுக்கு இது தேவலையேப்பா."

போனேன். வேலையில் ஒரு பிசிறு இல்லை. நான்காம் நாள் ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது கல்லூரிப் பையனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. நஞ்சராயனில் வரித்தலை வாத்து வந்துவிட்டது, அதுவும் முந்தாநாளே. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அது அவ்வளவு தூரம் வந்து இறங்கியபோது நான் பாலியெஸ்டர் ரோல் விரித்துக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தை வீட்டுக்காரி கையில் கொடுத்தேன். இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். அடுத்த தடவை முதலாளி கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குப் பதில் இல்லை.

22 டிசம்பர், ஞாயிறு

ஒரு நாற்பது வரித்தலை வாத்து பார்த்துவிட்டேன் என்று பையனிடம் ஓடினேன். அவன் பைனாகுலரை வைத்துப் பார்த்து, "அதெல்லாம் புள்ளிமூக்கு வாத்துங்க அங்கிள், வருசம் பூரா இங்கதான் இருக்கும்" என்றான். சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.

அப்புறம் நிஜமானதைக் காட்டினான். அக்கரைத் திட்டில் பதினொன்று, சாம்பல் நிறம். வெள்ளைத் தலையின் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை. ஒன்று கழுத்தை வளைத்து முதுகுச் சிறகுக்குள் அலகைச் செருகித் தூங்கியது, இரண்டு மட்டும் தலையைத் தூக்கிக் காவல். தூங்குவது எழுந்ததும் காவல் நின்றதில் ஒன்று தூங்கப் போனது. சிப்ட் மாற்றம்.

"நிறத்தை நம்பாதீங்க. வெயில் எதிர்ப்பக்கம் இருந்தா எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். எப்படி நடக்குது, எப்படி உக்காருதுன்னு பாருங்க" என்றான் பையன். திரும்பும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நிறம் என்றதும் நொய்யல் ஞாபகம். 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முன்னால், அந்த வாரம் ஊரில் என்ன கலர் ஓடுகிறது என்று ஆற்றுப் பாலத்தில் நின்றே சொல்லிவிடுவோம். அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணியை வெட்டிய கைதான் இது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

15 ஜனவரி 2025, புதன், மாட்டுப் பொங்கல்

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் ஒரு இடத்தில் பார்த்து, எண்ணி, ஈபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் நின்றும் செய்யலாம். பையன் குழுவோடு நானும் குளத்துக்குப் போனேன்.

எண்ணுவது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் முழுக்க நாமக்கோழி, பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணித் திணறினார்கள். முதலில் பத்தை எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள், அதே அளவுக்குக் கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போ என்றேன். அடுக்கின் ஓரத்தைப் பார்த்தே எத்தனை லே என்று சொல்லும் அதே வித்தை. நான் முந்நூற்று நாற்பது என்றேன். இரண்டு பேர் பொறுமையாக ஒவ்வொன்றாக எண்ணி முந்நூற்று இருபத்தெட்டு என்றார்கள். "மாஸ்டர்!" என்றான் ஒருத்தன். அதற்கப்புறம் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மதியம் வீட்டில் அரிசியும் பருப்பும் சோறு, ஒப்புட்டு. முதலாளி மறுபடி போன். நோம்பி முடியட்டுங்க என்றேன். முடிந்தாலும் போகப்போவதில்லை, வேறு ஆள் சொல்லி அனுப்பிவிடுவேன்.

8 பிப்ரவரி, சனி

வீட்டுக்காரிக்கு இன்று கும்மி அரங்கேற்றம். ஊர்த் திடலில் விளக்குப் போட்டு, வள்ளி திருமணக் கதை முழுக்க. இருநூறு பேருக்கு மேல், அத்தனை பெண்களும் ஒரே பச்சைச் சேலை, ஒரே சிவப்பு ரவிக்கை, ஒரே அளவு மல்லிகை. மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். "அம்மாயி எங்க அப்புச்சி?" என்றாள் பேத்தி. எனக்கும் தெரியவில்லை. வட்டம் சுற்றுகிறது, கண் கூசுகிறது, எல்லா முகத்திலும் ஒரே பவுடர்.

வண்டிப் பெட்டியில் பைனாகுலர் இருந்தது. எடுத்து வந்தேன்.

முகத்தைத் தேடவில்லை. காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்புகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் வலது காலில் அரைக்கணம் கூடுதலாக நின்று, அப்புறம் திரும்பினாள். இடது முழங்காலுக்குத் தைலம் போடுவது நான்தான், எனக்குத் தெரியாதா? "மூணாவது வரிசை, கம்பத்துக்குப் பக்கத்துல" என்று பேத்தி கையில் கொடுத்தேன். அவள் வாங்கி ரப்பர் வளையத்தை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டாள், அவளுக்குக் கண்ணாடி இல்லையே.

ஆட்டம் முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்தவள் முதலில் கேட்டது இது:

"ஏனுங்க மாமா, அத்தன சனத்துக்கு நடுவுல அந்தக் கருமத்த வெச்சுப் பாக்கோணுமா? கூட ஆடுனவங்கெல்லாம் சிரிக்கறாங்க."

"தப்பாப் போட்டியா, சரியாப் போட்டியான்னு கேளு."

"கேக்க மாட்டேன்" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு, நாளைக்குக் குளத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், தானும் வரலாமா என்றாள்.