என்1 இருந்த இடத்தில் எம்1

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் போன யாருக்கும் வி1 என்1 = வி2 என்2 மறக்காது; வி என்பது கரைசலின் கனஅளவு, என் என்பது அதன் செறிவைச் சொல்லும் நார்மாலிட்டி. பிப்பெட்டில் 20 மில்லி, பியூரெட்டில் பெர்மாங்கனேட், ரீடிங் இரண்டு தடவை ஒத்துப்போனதும் சூத்திரத்தில் போட்டால் விடை. கல்லூரிக்குப் போனதும் மோலாரிட்டி (எம், ஒரு லிட்டரில் எத்தனை மோல்) வருகிறது, பிள்ளைகள் என் இருந்த இடத்தில் எம் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு கவிழ்கிறது.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்ததும் இதுதான். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மில்லி, அதற்குச் செலவானது 19.6 மில்லி பெர்மாங்கனேட்; பெர்மாங்கனேட்டின் மோலாரிட்டி என்ன? அவள் விடை 0.051 மோலார். சரியான விடை 0.0204.

நார்மாலிட்டியில் வினையின் விகிதம் சமான எடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெர்மாங்கனேட்டுக்கு மூலக்கூறு எடை 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6 என்றும், ஆக்சாலிக் அமிலப் படிகத்துக்கு 126-ஐ 2-ஆல் வகுத்து 63 என்றும் மனப்பாடம் செய்தோமே, அந்த 5-ம் 2-ம் வினையில் பெர்மாங்கனேட் வாங்குகிற, அமிலம் கொடுக்கிற எலக்ட்ரான் கணக்கு. மோலாரிட்டியில் அது இல்லை, நாம்தான் சமன்பாட்டிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். இதை யாரும் நின்று சொல்லிக்கொடுக்காததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் சூத்திரத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு மில்லிமோலில் ஆரம்பித்தோம். மில்லியை மோலாரிட்டியால் பெருக்கினால் மில்லிமோல், அவ்வளவுதான். 20 × 0.05 = 1 மில்லிமோல் அமிலம். சமன்பாட்டின்படி 5 ஆக்சாலிக் அமிலத்துக்கு 2 பெர்மாங்கனேட், ஆக 0.4 மில்லிமோல். அதை 19.6-ஆல் வகுத்தால் 0.0204.

அவளுக்கு லேபும் ஞாபகம் வந்தது: சூடான குடுவையில் முதல் சில சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு போகாமல் அப்படியே நிற்கும், பயந்து பியூரெட்டை மூடிவிடுவோம், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், அப்புறம் விழ விழ நிறம் போய்விடும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது என்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

எம்1 வி1 = எம்2 வி2 தப்பான சூத்திரம் இல்லை. ஒரே கரைசலில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது மோல் மாறாது, அங்கே தாராளமாகப் போடலாம். போகும்போது ஒரு கணக்கு கொடுத்தேன்: 0.1 மோலார் கந்தக அமிலம் 25 மில்லிக்கு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? சமன்பாட்டை முதலில் எழுதினாள். அமிலம் 2.5 மில்லிமோல், ஒரு அமிலத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு என்பதால் இரண்டு மடங்கு 5, ஆக 50 மில்லி.