ஐந்து புகார் எண்களும் ஒரு சிவப்பு விளக்கும்

நேற்று காலை பதினொரு மணிக்குக் கடைக்கு நெட் திரும்பி வந்தது. போன மாதம் 9-ஆம் தேதி போனது, மொத்தம் 23 நாள். மனசு இன்னும் ஆறவில்லை. இதே நிலைமையில் மாட்டுகிற இன்னொருவர் நான் அலைந்த அளவுக்கு அலையக் கூடாது, அதற்காகவே எழுதுகிறேன்.

ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஜெராக்ஸ் கடையோடு இ-சேவை மையமும் நடத்துகிறேன். ஐடி வாங்கியது, கைரேகைக் கருவி வாங்கியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. நெட்தான் உயிர். கடைக்குள் செல்போன் சிக்னல் கிடையாது, அதனால் ஒரு தனியார் கம்பெனியின் ஃபைபர் லைன் போட்டிருந்தேன்.

வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று, ரோட்டுக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மோடத்தில் ‘லாஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அது மினுக்கினால் மோடம் வரைக்கும் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்யச் சொன்னார்கள், நானும் செய்தேன்.

முதல் புகார் கொடுத்த மறுநாள் காலை, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். யாரும் வரவில்லை, விளக்கு சிவப்பாகவே இருக்கிறது. திரும்பப் புகார், திரும்ப அதே மெசேஜ். மூன்றாவது புகாருக்குத்தான் ஒரு தம்பி வந்தார். ரோட்டோரம் பெட்டியைத் திறந்து ஏதோ இணைத்தார். கையிலிருந்த, ஒளியை அளக்கும் மீட்டர் மைனஸ் 30 காட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. விளக்கு பச்சையானது.

“அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. அதைப் போட்டாத்தான் எனக்கு அடுத்த வேலை காட்டும்.”

“நிக்குமா தம்பி?”

“நிக்கும்க்கா.”

சொல்லிவிட்டேன். அவர் வண்டி தெருமுனை தாண்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் சிவப்பு.

அந்த ஓடிபி, வேலை திருப்தியாக முடிந்தது என்று நாம் போடும் கையெழுத்து. அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். அரை நாளாவது லைன் நிற்கட்டும். அதே மாதிரி மீட்டரில் காட்டும் எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் அந்த லைன் நிலைக்காது.

நான்காவது புகாரும் மெசேஜோடு முடிந்தது. 17-ஆம் தேதி கடையைப் பூட்டிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். கம்பெனியின் ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “நீங்கதானேம்மா ஓடிபி குடுத்திருக்கீங்க, க்ளோஸ் ஆயிடுச்சு. இங்க புது கனெக்‌ஷன் மட்டும்தான் பார்ப்போம்” என்றார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். “கடைக்கு எடுத்த லைன், கமர்ஷியல். அங்கெல்லாம் போக முடியாது” என்றார். அதை நம்பித்தான் அன்று வீடு திரும்பினேன். ஒரு நாள் வருமானமும் பஸ் காசும் போனதைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது.

அவர் சொன்னதை அப்படியே நம்பியிருக்கக் கூடாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

மறுநாள் ஐந்தாவது புகார் பதிந்தேன். அந்த வாரம் பீஞ்சமந்தையிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். காலேஜில் சேர முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். லேப்டாப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றோம். பதிவில் இருந்தது அப்பாவின் நம்பர். அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். அவர் போன் எடுத்து ஓடிபி சொல்லி முடிப்பதற்குள் பக்கம் நின்றுபோகும். மூன்று முறை அப்படி. அந்தப் பெண் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் டிராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, மெயில் அனுப்பி மூன்று நாள் வீணாக்கினேன். தனிப்பட்டவர்களின் புகாரை விசாரிப்பது டிராயின் வேலை இல்லை. அது போட்ட 2012 விதிமுறைப்படி நாம் முதலில் கம்பெனியில் புகார் எண் வாங்க வேண்டும். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். அந்த முகவரி கம்பெனி வெப்சைட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், தேடிப் பிடியுங்கள். கட்டணம் இல்லை. ஆனால் அவர்கள் முடிவு சொல்ல 39 நாள் வரை அவகாசம் உண்டு. காலேஜ் சேர்க்கை நேரத்தில் 39 நாள் யார் காத்திருப்பது?

அதனால் 24-ஆம் தேதி மேல்முறையீடு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து அதையும் பதிந்தேன். மாடியில் நின்றுதான். அங்கே ஒரு குறைக்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். புலம்பல் எதுவும் எழுதவில்லை. ஐந்து புகார் எண்கள், ஒவ்வொன்றும் பதிந்த தேதி, மூடிய தேதி, அந்தந்த நாளில் சிவப்பு விளக்கோடு எடுத்த மோடம் போட்டோ, மேல்முறையீட்டு எண், அவ்வளவுதான். கடைசி வரியில், பழுது நாள்கணக்கில் நீண்டால் நெட் வாடகையில் கழிவு தர வேண்டும் என்ற விதியைச் சொல்லி அதையும் கேட்டேன்.

30-ஆம் தேதி போன் வந்தது. அதுவரை என்னை ‘கஸ்டமர்’ என்று மட்டும் கூப்பிட்டவர்கள், பேரைச் சொல்லி, இணையதளத்தில் நான் பதிந்த எண்ணையும் சொல்லிப் பேசினார்கள். நேற்று இரண்டு தம்பிகள் ஸ்பிளைசிங் மெஷினோடு வந்தார்கள். பழைய இணைப்பைப் பிரித்தால், முடிபோன்ற இழை ஒரு கிளிப்பில் அரைகுறையாகச் செருகிக் கிடந்தது. ஓரத்தை வெட்டி, துடைத்து, மெஷினில் வைத்து ஒட்ட வைத்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மீட்டர் மைனஸ் 21 காட்டியது. இந்த வேலைக்கா 23 நாள்!

வாடகையை அடுத்த பில்லில் கழிப்பதாக எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள். பீஞ்சமந்தைப் பெண்ணுக்குப் போன் செய்து வரச்சொல்லி, மதியமே விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டேன்.

“அக்கா, ஓடிபி?” என்றார் தம்பி. ரோட்டுக்குக் குறுக்கே கேபிளை உயர்த்திக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். பக்கத்து வீட்டு மாங்காய் பறிக்கும் தொரட்டியை வாங்கி வந்து நிமிர்த்திப் பிடித்தேன். நுனி கேபிளுக்கு எட்டவில்லை. சாயங்காலம் வரை விளக்கு பச்சையாக நின்ற பிறகு, அந்தத் தம்பிக்கு நானே போன் செய்து ஓடிபி சொன்னேன்.