ஸ்பீக்கர் கேபிள்: விலையா, தடிமனா?

ஸ்பீக்கர் கேபிளை மாற்றினால் ஒலி மெருகேறுமா என்று கேட்பவர்களிடம், விலையை விட்டுவிட்டுச் செம்பின் தடிமனைப் பாருங்கள் என்றே சொல்வேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்குப் போக வர 10 மீட்டர் கம்பி தேவைப்படும், அது 0.75 சதுர மி.மீ. ஒயராக இருந்தால் மின்தடை சுமார் 0.23 ஓம், 2.5 சதுர மி.மீ. ஒயராக இருந்தால் சுமார் 0.07 ஓம். மின்னோட்டத்துக்குத் தானே 8 ஓம் தடை காட்டும் ஸ்பீக்கரில் மெல்லிய ஒயர்கூடக் கால் டெசிபல் அளவுக்குத்தான் ஒலியைக் குறைக்கும். 4 ஓம் என்றால் இழப்பு ஏறக்குறைய இருமடங்காகும், அப்போது தடித்த ஒயர் வாங்குவதில் நியாயம் உண்டு. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் சுத்தச் செம்பென்று விற்பதுதான் எரிச்சலூட்டுகிறது. இழையின் நுனியைச் சுரண்டினால் வெள்ளை பல்லிளிக்கும். பழைய ஒயரே போதுமென்றால், பச்சை பிடித்த நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, டெர்மினல் திருகை இறுக்கிவிட்டுக் கேளுங்கள்.