ஆருட குறி?

"ஐயா, இது லோகோ. மாட்டுக் குறி இல்ல."

நான் சொன்னது இவ்வளவுதான், ஆறே சொல். மாட்டுக் குறி என்றால், யாருடைய மாடு என்று தெரிய அதன் உடலில் சுடும் அடையாளம். ஆனால் சொன்ன குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. லோகோ வரைந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி மகள்" என்றார்.

எங்கள் நிலைமையையும் சொல்லத்தான் வேண்டும். வம்சாவழி சேர்க்கிற வேலையை ஆளாளுக்குத் தொடங்கியதால் மூன்று இலச்சினைகள் புழங்கின. படிவத்தில் ஆலமரம், பதாகையில் மீன், கடிதத் தலைப்பில் கும்பம். மட்டக்களப்பில் எதைத் தொடங்கினாலும் ஒரு மீன் வந்து ஒட்டிக்கொள்ளும், அதை விடுங்கள். கும்பத்தைப் பார்த்து எங்கள் முஸ்லிம் தோழர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார், அதுவே போதுமாக இருந்தது. ஆலமரம்தான் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் முத்திரை வெட்டுகிறவரிடம் கொடுத்தபோது விழுதெல்லாம் மையில் கலங்கி, கரிக்கட்டையை அழுத்தி எடுத்ததுபோல வந்தது.

எனக்கு மரத்தின்மேல் வேறொரு குறையும் இருந்தது. பெயருக்கு முன்னால் போடும் எழுத்து தகப்பனுடையது. ஆனால் இங்கே குடி, அதாவது குலம், தாயுடையது. ஒரு ஆணின் பிள்ளைகள் அவன் குடி அல்ல, மனைவியின் குடி. 1876ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வந்து தாய்வழிச் சொத்துரிமை பேசிய முக்குவர் சட்டத்தை ஏட்டில் முடித்து வைத்தது. கல்யாணம் பேசும்போது "என்ன குடி?" என்று கேட்கிற வாயை அது மூடவில்லை. தமிழர் வீட்டிலும் கேட்பார்கள், முஸ்லிம் வீட்டிலும் கேட்பார்கள். அடியில் பாட்டனை வைத்து மேலே கிளை பரப்புகிற மரம் இந்த ஊர்க் கணக்குக்குப் பொருந்தாது.

அப்போதுதான் எங்கள் பையன் ஒருவன் அதை வரைந்தான். மேலே ஒரு சுழி, அதிலிருந்து இறங்கும் ஒரு கோடு, அடியில் வலப்பக்கம் மடிந்த கால். சுழி வயிறு, கோடு வயிற்றுவார் என்று விளக்கினான். தாய்வழியை வயிற்றுவார் என்று சொல்லும் ஊரில் அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று சென்ரிமீற்றர் முத்திரையிலும் துலக்கமாக வந்தது. எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. ஏன் அவ்வளவு உடனே பிடித்தது என்பதுதான் இப்போது என் பிரச்சினை.

அந்தப் பெரியவர் திருக்கோவில் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தாளைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆருட குறி, மகள்?"

எங்களுடையது என்றேன்.

"இல்ல. இது ஒரு குடியாருட மாட்டுக் குறி மாதிரிக் கிடக்கு. வயல்வெளியில கண்டிருக்கன்."

எந்தக் குடி என்றும் சொன்னார். நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஆறு சொல்லைச் சொன்னேன். வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஐந்து என்று அந்தப் படமே வென்றது.

பிழையாகத்தான் பேசினேன் என்று சில நாள் நினைக்கிறேன். குறி என்பதும் இலச்சினை என்பதும் வேறு வேறு என்று நான் எப்படிச் சொன்னேன்? இது இன்னாருடையது என்று தூரத்திலிருந்தே காட்டுவதற்குத்தானே இரண்டும்? கோயிலில் காளாஞ்சி என்ற மரியாதைக்கு எந்தக் குடியை முதலில் கூப்பிடுவது என்பதில் எத்தனை மனக்கசப்பு வந்திருக்கிறது என்று தெரியாதவளா நான்? எங்கள் முஸ்லிம் தோழரும் பிறகு சொன்னார்: "எங்கட பள்ளிவாசல் நிருவாகத்திலயும் குடிக்குக் குடி மரைக்காயர் இருக்காங்க. ஒரு குடிர அடையாளத்த எல்லாரும் நிரப்புற போர்ம்ல போட்டா, மத்த ஆக்கள் என்னத்த நினைப்பாங்க?" கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சிரிச்சிட்டீங்களே" என்றார்.

இன்னும் சில நாள், செய்தது சரி என்றே படுகிறது. ஒவ்வொருவருடைய ஞாபகத்துக்கும் பயந்தால் வெறும் வட்டம்தான் மிஞ்சும். வட்டமும் யாரோ ஒருவர் மாட்டில் இருக்கும். 1978 சூறாவளியில் ஏட்டு ஓலைக்கட்டும் காணி உறுதியும் போன வீடுகள், 2004 சுனாமியில் ஆளோடு சேர்ந்து கடதாசியும் போன வீடுகள் என்று ஏறி இறங்குகிறோம். எழுபதைத் தாண்டியவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். இதற்குள் படத்துக்கு ஐந்து மாதம் செலவழித்தோம். புதுப் படிவத்தோடு போன பிறகு ஒருவரும் குறியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் "இதென்ன, பாம்பா?" என்றார். ஆக, பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பெரியவருடைய சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) வரவில்லை என்பதைத் தவிர. நாற்பது குடும்பத்துக் கதையை அவர் அதில் கையால் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். போன் எடுத்தால், "கால் வருத்தம் மகள், பஸ் ஏற ஏலா" என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். எழுபத்தெட்டு வயது. நான் போய் வாங்கலாம்தானே என்று கேட்பீர்கள். போகலாம். இரண்டு முறை வெளிக்கிட்டு நின்றேன். போனால் முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று கேட்டால், அவர் "எதுக்கு மகள்?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன கிழமை அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். மூத்தப்பாவுக்கு மாட்டுப் பட்டி இருந்தது. நான் ஐந்து வயதுக்குள் அந்த மாடுகளைப் பார்த்திருக்கிறேனாம், எனக்கு ஞாபகமில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"எங்கட குறி மாதிரித்தான். ஆனா கால் மற்றப் பக்கம், இடப் பக்கம் மடிஞ்சிருக்கும் எண்டு நினைக்கன்."

"அப்ப இது எங்கடயில்லத்தானே?"

"நான் என்னத்தக் கண்டன். மாடு நிண்ட பக்கத்தப் பொறுத்து."

இரவு, படிவங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தாளில் கால் வலப்பக்கம். முத்திரையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ரப்பரில் இடப்பக்கம்தான் மடிந்திருந்தது.