ஒரே பழுது, வேறு வேறு தலையெழுத்து

சிலிக்கன் ஏன் மற்ற குறைகடத்திகளை ஓரங்கட்டியது என்று கேட்டால், அது மணலில் மலிந்து கிடக்கிறது என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அது அரைகுறைப் பதில். எலக்ட்ரான்களின் இயங்குதிறனை (மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக ஓடுகின்றன என்பதை) மட்டும் வைத்துப் பார்த்தால் ஜெர்மானியம் சிலிக்கனைவிட இரண்டரை மடங்குக்கும் மேலானது. காலியம் ஆர்சனைடு அதையும் விஞ்சியது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாக இயங்கிய டிரான்சிஸ்டரும் ஜெர்மானியத்தால் ஆனதுதான். ஆனால் ஜெர்மானியத்தின் மேல் வளரும் டைஆக்சைடு தண்ணீரில் கரைந்துவிடும். சூடேற்றினால் அடியிலுள்ள ஜெர்மானியத்தோடு வினைபுரிந்து மோனாக்சைடாக மாறி ஆவியாகப் போய்விடும். சிலிக்கனை ஆக்சிஜன் ஓடும் உலையில் 900 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினாலோ, நீரில் கரையாத, கெட்டியான, மின்சாரத்தைக் கடத்தாத படலம் ஒன்று அதன் மேல் சீராக வளர்கிறது. இந்தக் கதையை இத்தோடு நிறுத்துபவர்கள் பலர். எனக்கு அதிலும் திருப்தி இல்லை. நல்ல மின்காப்புப் பொருள்கள் உலகில் ஏராளம். படலமும் குறைகடத்தியும் சந்திக்கும் இடைமுகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உலோகத் தகடு ஒன்றை அருகில் வைத்து மின்னழுத்தம் கொடுத்து, குறைகடத்தியின் கடத்துதிறனைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் மிகப் பழையது. லிலியன்ஃபெல்ட் 1920களிலேயே அதற்குக் காப்புரிமை கோரினார். பெல் ஆய்வகத்தில் ஷாக்லி அதைச் செய்து பார்த்தபோது, எதிர்பார்த்த விளைவில் சிறு பகுதிகூடக் கிடைக்கவில்லை. காரணத்தை விளக்கியவர் ஜான் பார்டீன்: மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான் நிலைகள், மின்புலம் இழுத்துக் கொண்டுவரும் மின்னூட்டம் முழுவதையும் வாங்கித் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன, அங்கே அகப்பட்ட எலக்ட்ரான் நகராது, உள்ளே மின்புலம் எட்டவும் விடாது. இந்த முட்டுக்கட்டை 1950களின் இறுதியில்தான் விலகியது. சிலிக்கன் மேல் வெப்பத்தால் வளர்த்த ஆக்சைடு அந்த மேற்பரப்பு நிலைகளைப் பெருமளவு அடக்கிவிடுகிறது என்று மொஹமத் அட்டல்லாவின் குழு கண்டது. 1959இல் அட்டல்லாவும் டாவோன் காங்கும் அதே ஆக்சைடின் மேல் உலோக கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனை) வைத்து டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள்.

அந்தப் படலத்தின் எலக்ட்ரான் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அவை தாராளமாக ஓடும் கடத்தல் பட்டைக்கும் நடுவே, எலக்ட்ரான் நிற்க முடியாத பகுதிதான் ஆற்றல் இடைவெளி. சிலிக்கனுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கன் டைஆக்சைடின் இடைவெளி ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட். இரண்டையும் ஒட்டவைத்தால் சிறிய இடைவெளி பெரிய இடைவெளிக்குள் எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். கடத்தல் பட்டையின் பக்கம் சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட், இணைதிறன் பட்டையின் பக்கம் நான்கரைக்கு அருகில், ஆக எலக்ட்ரானுக்கும் துளைக்கும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற, மின்னூட்டம் சுமக்கும் காலியிடத்துக்கும்) இரண்டு பக்கமும் உயரமான தடுப்புகள் அமைகின்றன. படிக ஒழுங்கே இல்லாத ஒரு பொருளுக்கு இவ்வளவு சுத்தமான இடைவெளி எப்படி வாய்க்கிறது என்று வியப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிக்கனுக்கும் நான்கு ஆக்சிஜன், ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் இரண்டு சிலிக்கன் என்ற அண்மை ஒழுங்கு மட்டும் குலையாமல் இருந்தால் போதும்; ஆக்சிஜன் பாலமாக நிற்கும் பிணைப்புக் கோணம் தாராளமாக வளைந்து கொடுப்பதால், பிணைப்பை அறுக்காமலேயே வலைப்பின்னல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இந்த வளைந்து கொடுக்கும் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு வரும்போது அது தேவைப்படும்.

படிகம் முடிந்து ஆக்சைடு தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதில்லை. எக்ஸ் கதிர் அடித்து வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தால், தூய சிலிக்கனுக்கும் முழுமையான ஆக்சைடுக்கும் இடையே ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் விலகல் தெரியும். அந்த இரண்டு முகடுகளுக்கு நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று ஆக்சிஜன்களோடு மட்டும் பிணைந்த சிலிக்கன் அணுக்களின் சிறு முகடுகள் தெரியும். ஹிம்ப்செல் முதலியோர் 1988இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். 1999இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் முல்லரும் சகாக்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மெல்லிய எலக்ட்ரான் கற்றையை ஆக்சைடின் குறுக்கே அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஆக்சிஜனைச் சூழ்ந்த எலக்ட்ரான் நிலைகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். சிலிக்கனின் அலைச்சார்பு இரண்டு பக்கமிருந்தும் ஆக்சைடுக்குள் கசிவதால், படலம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டருக்குக் கீழே போனால் அதற்குள் மின்காப்புப் பொருளுக்குரிய ஆற்றல் இடைவெளி உருவாகவே இடமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. மேற்பரப்பின் கரடுமுரடையும் கணக்கில் சேர்த்தால் நடைமுறை எல்லை 1.2 நானோமீட்டர் அளவில் வந்து நின்றது.

இனி பழுதுகள். இடைமுகத்தில் சிலிக்கன் அணுக்களின் அடுக்கமும் ஆக்சைடின் வலைப்பின்னலும் அளவில் பொருந்துவதில்லை. ஆகவே அங்கங்கே ஒரு சிலிக்கன் அணு, கீழே மூன்று சிலிக்கன்களைப் பிடித்துக்கொண்டு, நான்காவது கைக்கு இணை கிடைக்காமல் நிற்கும். அந்த அறுந்த பிணைப்பில் ஒற்றை எலக்ட்ரான் இருப்பதால், எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு முறையில் அது சிக்கிவிடுகிறது. நிஷி 1970களின் தொடக்கத்தில் கண்ட இந்தச் சமிக்ஞைக்கு 'பி-பி மையம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இதன் ஆற்றல் நிலைகள் இரண்டு: ஒன்று இணைதிறன் பட்டைக்குச் சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட் மேலே, மற்றது கடத்தல் பட்டைக்கு ஏறத்தாழ அதே அளவு கீழே. இரண்டுமே சிலிக்கனின் இடைவெளிக்குள் விழுகின்றன. எலக்ட்ரானை ஏற்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும் என்பதால் இரண்டு வகை டிரான்சிஸ்டருக்கும் இது தொல்லைதான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 100 முகம் எனப்படும் படிகத் திசையில் வெட்டிய சிலிக்கன் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6.8 × 10¹⁴ அணுக்கள். ஆக்சைடு வளர்த்தவுடன் அறுந்து கிடக்கும் பிணைப்புகள் 10¹² என்ற வரிசையில் இருக்கும்; அதாவது சில நூறு அணுக்களுக்கு ஒன்று. டிரான்சிஸ்டருக்கு அதுவே அதிகம். ஹைட்ரஜன் சிறிதளவு கலந்த நைட்ரஜனில், 400 முதல் 450 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், இணையில்லாத கைகளை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்வதால் அது 10¹⁰ வரிசைக்கு இறங்குகிறது. பத்தாயிரக்கணக்கான அணுக்களில் ஒன்றுதான் இணையில்லாமல் நிற்கிறது என்று பொருள்.

இதைக் கண்ணால் காணச் சிறந்த வழி மின்தேக்குத்திறன்-மின்னழுத்த அளவீடு. ஆய்வகத்தில் எல்லோரும் சி-வி என்றுதான் சொல்வார்கள். பி வகை (துளைகள் மின்சாரத்தைச் சுமக்கும்) சிலிக்கன் வேஃபரின், அதாவது மெல்லிய தகட்டின் மேல் ஆக்சைடு, அதன் மேல் அலுமினியப் புள்ளி. ஊசியை அந்தப் புள்ளியில் இறக்கி, இருட்டுப் பெட்டியை மூடிவிட்டு, எதிர்மறை மின்னழுத்தத்திலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். தொடக்கத்தில் ஆக்சைடின் மின்தேக்குத்திறன் மட்டும் தெரியும், கோடு மட்டமாக ஓடும். பிறகு குறைகடத்திக்குள் துளைகள் விலகிப்போன வெற்றிடப் பகுதி விரியத் தொடங்கியதும் கோடு கீழே இறங்கும். ஹைட்ரஜன் காட்டாத மாதிரியில் அந்த இறக்கம் சரிந்து இழுபட்டுக் கிடக்கும். அதிர்வெண்ணைக் குறைத்தால் இறக்கத்தின் நடுவே ஒரு திமில் எழும்பும். எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் அந்த அறுந்த பிணைப்புகள், அதாவது பொறிகள், மெதுவாக நிரம்பிக் காலியாவதைத்தான் அந்தத் திமில் காட்டுகிறது. ஹைட்ரஜனில் வைத்து எடுத்த பின் அதே வேஃபரை அளந்தால் திமில் மறைந்து, இறக்கம் செங்குத்தாகிவிடும். இந்தத் துறையில் எனக்கு அலுக்காத காட்சி இது ஒன்றுதான்.

ஆனால் ஹைட்ரஜன் கொடுத்த வரம் நிரந்தரமல்ல. சிலிக்கனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பை, டிரான்சிஸ்டருக்குள் வேகமெடுத்து ஓடும் எலக்ட்ரான்கள் அறுத்துவிடுகின்றன. 1996இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோசப் லைடிங், கார்ல் ஹெஸ் ஆகியோர், பெல் ஆய்வகத்தின் கிசில்யல்லியோடு சேர்ந்து, ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியத்தில் சூடேற்றிப் பார்த்தார்கள். வேதியியலில் இரண்டும் ஒன்றே. எடை மட்டும் இரு மடங்கு. ஆனாலும் அந்த டிரான்சிஸ்டர்கள் பத்து மடங்குக்கும் மேல் தாக்குப்பிடித்தன. பிணைப்பின் வலிமை மாறாதபோது ஆயுள் மாறுகிறது என்றால், அறுபடுவது ஒரே அடியில் அல்ல, அதிர்வுகள் படிப்படியாக ஏறி ஏறித்தான் என்பது தெளிவு. டியூட்டீரியத்தின் அதிர்வு சிலிக்கன் படிகத்தின் அதிர்வுகளோடு எளிதாக ஒத்துப்போவதால் ஏறிய ஆற்றல் உடனே வடிந்துவிடுகிறது.

ஆக்சைடைக் குறைத்துக்கொண்டே போனதன் விளைவு 2003 வாக்கில் முட்டி நின்றது. 90 நானோமீட்டர் எனப்படும் சிப் தயாரிப்புத் தலைமுறையில் இன்டெல் பயன்படுத்திய ஆக்சைடு 1.2 நானோமீட்டர்தான். 0.2 நானோமீட்டர் குறைக்கும் ஒவ்வொரு முறையும் குவாண்டம் ஊடுருவலால் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்காகும் என்பதால், அதற்குக் கீழே போக வழியில்லை. 2007இல் 45 நானோமீட்டர் தலைமுறையில் ஹாஃப்னியம் சேர்ந்த ஆக்சைடு வந்தது. மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்லும் மின்கடத்தாப் பொருள் மாறிலி சிலிக்கன் டைஆக்சைடுக்கு 3.9, ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 20. அதே மின்தேக்குத்திறனை ஐந்து மடங்கு தடித்த படலத்தில் பெறலாம் என்பதால் கசிவு அடங்குகிறது.

விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் ஆற்றல் இடைவெளி 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. கடத்தல் பட்டைப் பக்கத் தடுப்பு ஏறத்தாழ ஒன்றரைதான். அதைவிட முக்கியமானது, அங்கே ஒரு ஆக்சிஜன் அணு காணாமல் போனால் சுற்றியுள்ள அணுக்கள் வளைந்து நெளிந்து அந்த இடத்தை மூடிக்கொள்வதில்லை. சிலிக்கன் டைஆக்சைடில் ஆக்சிஜன் விட்டுச்சென்ற இடத்தின் இருபுறமும் உள்ள சிலிக்கன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு ஹாஃப்னியம் அணுவுக்கும் ஏழெட்டு ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் ஹாஃப்னியம் ஆக்சைடில் அந்தத் தாராளம் கிடையாது. அந்தக் காலியிடத்தின் ஆற்றல் நிலை இடைவெளியின் மேல்பாதியில், சிலிக்கனின் கடத்தல் பட்டை விளிம்புக்கு அருகிலேயே நிற்கிறது. அதனால்தான் சேனலில் (ஆக்சைடின் அடியில் மின்னோட்டம் செல்லும் பாதையில்) ஓடவேண்டிய எலக்ட்ரான் எளிதாக அங்கே தாவி அகப்பட்டுக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஹாஃப்னியம் வந்ததும் சிலிக்கன் டைஆக்சைடு ஓய்வுபெற்றுவிட்டது என்று எழுதுகிறார்கள். இன்றும் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கும் சிலிக்கனுக்கும் நடுவே, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் அந்தப் பழைய ஆக்சைடு இருந்துகொண்டுதான் இருக்கிறது. மாறிலியில் கொஞ்சம் இழந்தாலும் இடைமுகத்தை இழக்க யாரும் தயாரில்லை.

பழுதின் கேடு அதன் எண்ணிக்கையைவிட, அண்டைப் பொருளின் பட்டைகளோடு ஒப்பிடும்போது அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்று நான் எப்போதும் வாதிடுவேன். இதற்கு ஹாஃப்னியத்தைவிட நல்ல சாட்சி, மின்சாரக் கார்களின் இன்வெர்ட்டர்களில் இப்போது இடம்பிடித்திருக்கும் சிலிக்கன் கார்பைடு. அதையும் ஆக்சிஜனில் சூடேற்றினால் சிலிக்கன் டைஆக்சைடுதான் வளர்கிறது. கார்பன், வாயுவாக வெளியேறிவிடும். பார்வைக்கு எல்லாம் சிலிக்கனைப் போலவே. ஆனால் 4-ஹெச் எனப்படும் அடுக்கு முறை கொண்ட கார்பைடில் வெறும் ஆக்சைடோடு செய்த டிரான்சிஸ்டரில், எலக்ட்ரானின் இயங்குதிறன் படிகத்தின் உள்ளே இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிடுகிறது. வெளியேறாமல் தங்கிய கார்பன்மேல் பழிபோடுவது வழக்கம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. இருந்தாலும் 1990களில் அஃபனாசியெவும் சகாக்களும் கவனித்தது வேறொன்று. ஆக்சைடுக்குள்ளேயே, இடைமுகத்தை ஒட்டி, அதன் கடத்தல் பட்டைக்கு ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட் கீழே ஒரு பொறி நிலை இருக்கிறது. அது சிலிக்கன் மேல் வளர்த்த ஆக்சைடிலும் இருக்கிறது. அங்கே சிலிக்கனின் கடத்தல் பட்டை விளிம்பு ஆக்சைடின் விளிம்புக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட் கீழே நிற்பதால், பொறி அந்த விளிம்புக்கு மேலே போய்விடுகிறது. எந்த எலக்ட்ரானும் அதை எட்டுவதில்லை, அளவீட்டிலும் அது தலைகாட்டுவதில்லை. 4-ஹெச் கார்பைடின் இடைவெளி 3.26 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதன் கடத்தல் பட்டை விளிம்பு உயர்ந்து, ஆக்சைடின் விளிம்புக்கு 2.7 கீழே வந்து நிற்கிறது. அதே பொறி இப்போது விளிம்புக்குச் சற்றுக் கீழே, எலக்ட்ரானை அள்ள வசதியான உயரத்தில் அமைந்துவிடுகிறது.

இதைச் சரிபார்க்க வேறு தனிமங்களைத் தேடவேண்டியதில்லை. சிலிக்கனும் கார்பனும் அதே விகிதத்தில், அடுக்கு முறை மட்டும் மாறி அமைந்த 6-ஹெச் வகையின் இடைவெளி 3.0 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளியில் குறைந்த அந்த அளவு பெரும்பாலும் கடத்தல் பட்டைப் பக்கம்தான். எதிர்பார்த்தபடியே அதன் விளிம்பு பொறி நிலைக்குக் கீழே இறங்குகிறது, வெறும் ஆக்சைடோடு செய்த டிரான்சிஸ்டர்களில் சேனல் இயங்குதிறனும் 4-ஹெச் வகையைவிட மேலாகவே கிடைத்தது. ஆயினும் படிகத்தின் உள்ளே எலக்ட்ரான் தாராளமாக ஓடுவது 4-ஹெச் வகையில்தான் என்பதால் தொழில்துறை அதையே தேர்ந்தெடுத்தது. இடைமுகத்தைச் சமாளிக்க, ஆக்சைடு வளர்த்த பின் நைட்ரிக் ஆக்சைடு வாயுவில் 1200 டிகிரியை நெருங்கிய வெப்பத்தில் சூடேற்றுகிறார்கள். நைட்ரஜன் இடைமுகத்தில் போய்ச் சேர்ந்து பொறிகளைப் பெருமளவு குறைக்கிறது. இயங்குதிறன் பல மடங்கு உயர்ந்து, படிகத்தின் உள்ளே இருப்பதில் இருபதில் ஒரு பங்கை எட்டுகிறது. 650 வோல்ட் வகைச் சாதனங்களில் மொத்த மின்தடையின் பெரும் பங்கு இன்னும் அந்தச் சேனலில்தான் இருக்கிறது.