கழுவும் சூட்டில் சிக்கிய வைரஸ்

1970களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பழி ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 2 வைரஸ்மீது விழுந்திருந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்ததே ஆதாரம். கிருமி எப்போதோ உடலுக்குள் வந்து போயிருந்தாலும் எதிர்ப்பொருள் இருக்கும். கட்டிக்குள் கிருமி இருக்கிறதா என்பதற்கு எதிர்ப்பொருள் சாட்சி அல்ல. ஜெர்மானிய வைரஸ் ஆய்வாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் கட்டித் திசுவிலேயே ஹெர்பிஸ் டி.என்.ஏ.வைத் தேடினார். கிடைக்கவில்லை. 1974ல் ஃப்ளோரிடா கூட்டத்தில் இதைச் சொன்னபோது அரங்கம் ஏற்கவில்லை. அவருடைய சந்தேகம் மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் பக்கம் திரும்பியது.

இந்த வைரஸ் சாதாரண செல் வளர்ப்பில் பெருகாது. தோல் செல் அடுக்கடுக்காக முதிர்ந்தால்தான் முழு வைரஸ் உருவாகும். ஆகவே டி.என்.ஏ.வைத் தேடுவதுதான் வழி; அன்றைக்கு அதற்கான கருவி சதர்ன் பிளாட், அதாவது டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, தாளுக்கு மாற்றித் தேடும் முறை.

ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும், விடை கடைசிக் கழுவலில்தான் இருக்கிறது. சுமார் 10 மைக்ரோகிராம் டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, காரத்தால் இழை பிரித்து, நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்ற வேண்டும். பிறகு கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய புரோப் (தெரிந்த வைரஸின் டி.என்.ஏ.; தனக்குப் பொருந்தும் இழையோடு இணையும்). 0.1 மடங்கு எஸ்.எஸ்.சி. என்னும் உப்புக் கரைசலில் 68 டிகிரியில் கழுவினால், நன்றாகப் பொருந்தியது மட்டுமே தாளில் நிற்கும். நூற்றுக்கு ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலே இணை பிரியும் சூடு ஏறத்தாழ 1 டிகிரி இறங்கிவிடும். தூரத்து உறவுக்கார வைரஸ் இந்தக் கழுவலில் போய்விடும், தாளின் கதிரியக்கத்தைப் பதியும் எக்ஸ்ரே ஃபிலிம் வெறுமையாக இருக்கும். உப்பைக் கூட்டி, சூட்டைக் குறைத்தால் அதுவும் நிற்கும். ஆனால் ஃபிலிம் முழுக்கக் கறுப்புப் படியும். மங்கலான பேண்ட் (கோடு) உண்மையா அழுக்கா என்று முடிவெடுப்பதுதான் இதில் மிகக் கடினம். புரோப் தயாரித்த பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் பெருக்கிய வட்ட டி.என்.ஏ.) ஒரு துளி மாதிரியில் கலந்தாலும் அழகான பொய் பேண்ட் வரும்.

பிறப்புறுப்பு மருவிலிருந்து எடுத்த பாப்பிலோமா வைரஸ் 6ஆம் வகையோ, குரல்வளை மருவிலிருந்து எடுத்த 11ஆம் வகையோ புற்றுநோய்க்கு நேர்க் காரணமாகத் தெரியவில்லை. ஆனால் 11ஐப் புரோப்பாக வைத்துத் தளர்வாகக் கழுவியதில் புதிய பேண்டுகள் தெரிந்தன. அவற்றைத் துரத்தி 1983ல் மத்தியாஸ் டூர்ஸ்டும் குழுவினரும் 16ஆம் வகையைப் பிரித்தார்கள்: ஜெர்மன் நோயாளிகளின் 18 கட்டிகளில் 11ல் அது இருந்தது. அடுத்த ஆண்டு 18ஆம் வகை. 1951 முதல் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துவந்த, கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்களுக்குள்ளேயே அந்த 18 இருந்தது! இவ்விரண்டும் சேர்ந்து கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். சுர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸின் வட்ட டி.என்.ஏ. ஏறத்தாழ 8,000 எழுத்து நீளம். அது மனித குரோமோசோமில் செருகும்போது பெரும்பாலும் தன் இ2 மரபணுவில் உடைகிறது. இ2 அடக்கிவைத்திருந்த இ6, இ7 என்னும் வைரஸ் மரபணுக்கள் கட்டுப்பாடின்றி இயங்கும். இ6 செல்லின் பி53 புரதத்தைச் சிதைக்கும், இ7 ஆர்.பி. புரதத்தை முடக்கும். செல் பிரிவதற்கு இருந்த தடை போய்விடும்.

இன்று பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்பவர்கள் இந்த உடைப்பை மறக்கக் கூடாது. வைரஸின் எல்1 மரபணுப் பகுதியைத் தேடும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), செருகலில் எல்1 தொலைந்த கட்டியை நெகட்டிவ் என்று காட்டலாம். சந்தேகம் இருந்தால் இ6, இ7 பிரைமரால் மறுபடி பார்ப்பது நல்லது. கூடவே பீட்டா குளோபின் போன்ற மனித மரபணுவும் ஓட வேண்டும். அது வரவில்லை என்றால் மாதிரியில் செல் போதவில்லை, அல்லது ரத்தமோ சளியோ நொதியைத் தடுத்திருக்கிறது. அந்த மாதிரிக்கு நெகட்டிவ் என்று எழுதாமல், மறுமாதிரி கேட்க வேண்டும்.